வண்டி ஏசி கம்ப்ரசர் போச்சு: புதுசா, ரீகண்டிஷனா, கழற்றியதா, கிளட்ச் மட்டும் போதுமா?

15 வருஷம் ஓடிய வண்டியில் ஏசி கம்ப்ரசர் போய்விட்டால், எல்லாரும் கேட்பது "எதை வாங்கிப் போடலாம்?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பது "பழையது எப்படிச் செத்தது?" என்று. இது தெரியாமல் விலை விசாரிக்கப் போனால், எந்த வழியில் போனாலும் இரண்டு தரம் செலவு செய்ய வேண்டி வரும்.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. இன்ஜினை நிறுத்திவிட்டு, கம்ப்ரசர் புல்லிக்கு (பெல்ட் ஓடும் சக்கரம்) முன்னால் இருக்கும் கிளட்ச் தட்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். நல்ல கம்ப்ரசர் லேசாகத் திமிறிக்கொண்டு ஒரே சீராகச் சுற்றும். கரகரவென்று பிடித்துப் பிடித்துச் சுற்றினாலோ, அசையவே மறுத்தாலோ உள்ளே இரும்போடு இரும்பு உரசிவிட்டது என்று அர்த்தம். அடுத்து, கேஸை (குளிரூட்டும் வாயுவை) மெஷினில் இறக்கியபின் பைப்பைக் கழற்றி, அதன் வாயில் ஒட்டியிருக்கும் எண்ணெயை விரலில் தொட்டு வெள்ளைத் துணியில் தேய்க்க வேண்டும். தெளிவாக இருந்தால் பிழைத்தீர்கள். கறுத்துப்போய், வெளிச்சத்தில் காட்டும்போது ஜிகினாத் தூள் மாதிரி மின்னினால், கம்ப்ரசர் தன்னைத் தானே அரைத்து அந்தப் பொடியை ஏசி முழுக்க அனுப்பியிருக்கிறது.

முதலில் கிளட்ச். நிறையப் பேர் முழுக் கம்ப்ரசரையும் மாற்றுவது இங்கேதான், தேவையே இல்லாமல். காலையில் ஏசி நன்றாக வேலை செய்யும், வெயிலில் ஒரு மணி நேரம் ஓடியதும் நின்றுவிடும், ஆறவிட்டால் திரும்ப வரும். கேஸ் அழுத்தமும் ஒயரிங்கும் சரியாக இருந்தால், இது பெரும்பாலும் கிளட்ச் தட்டுக்கும் புல்லிக்கும் நடுவில் இடைவெளி கூடிப்போனதன் அடையாளம். பல மாடல்களில் அந்த இடைவெளி 0.3 முதல் 0.6 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். தட்டு தேயத் தேய அது அகலும். தட்டைப் புல்லியோடு ஒட்டவைக்கும் மின்காந்தச் சுருளான காயில் சூடேறினால் அதன் மின்தடை கூடும், ஓடும் கரண்ட் குறையும், காந்தத்தால் அந்தத் தூரத்துக்குத் தட்டை இழுக்க முடியாது. நடு போல்ட்டைக் கழற்றி, தட்டுக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய வாஷர்களில் ஒன்றை எடுத்துவிட்டு, இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் வைத்துப் பார்த்தால் முடிந்தது. காயில் எரிந்திருந்தாலும், புல்லி பேரிங் கத்தினாலும் அதை மட்டும் மாற்றலாம். மல்டிமீட்டரில் காயில் பொதுவாக 3 முதல் 5 ஓம் காட்டும். எல்லையே இல்லை என்று காட்டினால் காயில் அறுந்திருக்கிறது. இதில் எதற்கும் கேஸைத் தொடவே வேண்டாம், அதனால்தான் எனக்கு இந்த வழி மேல் தனிப் பிரியம். கிளட்சே இல்லாத வேரியபிள் கம்ப்ரசர் (தள்ளும் கேஸின் அளவைக் கூட்டிக் குறைக்கும் வகை) உள்ள வண்டிகளுக்கு மட்டும் இது பொருந்தாது. அவற்றில் அந்த அளவை மாற்றும் கன்ட்ரோல் வால்வைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

இனி, கம்ப்ரசரையே மாற்றித்தான் ஆக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

உடைத்த வண்டியிலிருந்து கழற்றியதுதான் விலை குறைவு. ஆனால் கூலி, டிரையர் (ஈரம் பிடிக்கும் வடிகட்டி), ஓ-ரிங் (ரப்பர் வளையம்), வாக்குவம் (உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுப்பது), கேஸ் இவற்றின் செலவு எந்தக் கம்ப்ரசர் போட்டாலும் ஒன்றுதான். மிச்சமாவது பில்லில் ஒரு வரி மட்டும். அது இரண்டு மாதத்தில் கைவிட்டால் மற்ற வரிகள் எல்லாம் மறுபடியும் வரும். அதோடு, ஏசி கம்ப்ரசரில் ஊற்றும் பிஏஜி எண்ணெய் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். வாயை மூடாமல் அலமாரியில் கிடந்த கம்ப்ரசரை நான் சும்மா கொடுத்தாலும் வாங்கமாட்டேன். புதுசு கிடைக்காத அபூர்வ மாடல், வாய்க்கு மூடி போட்டு வைத்தது, உள்ளே எண்ணெய் தெளிவாக இருக்கிறது, இந்த மூன்றும் சேர்ந்தால் யோசிக்கலாம்.

ரீகண்டிஷன் என்ற பெயருக்குள் இரண்டு வேறு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று, உண்மையிலேயே பிரித்து, ரீட் வால்வ், பேரிங், ஷாஃப்ட் சீல் எல்லாம் மாற்றி, அழுத்தம் ஏற்றிச் சோதித்தது. இன்னொன்று, சீலை மட்டும் மாற்றிக் கறுப்புப் பெயின்ட் அடித்தது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் பளபளப்புதான். "என்னென்ன மாற்றினீர்கள்?" என்று கேளுங்கள். பதில் வழவழ கொழகொழவென்று வந்தால் நகர்ந்துவிடுங்கள். உங்கள் பழையது சீல் வழியாகக் கேஸ் கசிந்துதான் போனது, எண்ணெய் சுத்தம் என்றால், அதையே கொடுத்துப் பிரித்துச் சரிசெய்து வாங்குவது நல்ல வழி. பிராக்கெட், புல்லி, கனெக்டர் எதுவும் மாறிப்போகாது.

புதுசில் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. கார் கம்பெனிகளில் பலவும் கம்ப்ரசரைத் தாங்களே செய்வதில்லை. டென்சோ, சாண்டன், வாலியோ போன்றவர்களிடம் வாங்கித் தங்கள் பெட்டியில் போட்டு விற்கிறார்கள். அதே தயாரிப்பாளரின் பெட்டியில் வருவதை வாங்கினால் பெரும்பாலும் பொருள் அதேதான், பெயருக்குக் கொடுக்கும் காசு மிச்சம். பெயர் தெரியாத நகல்களில் கம்ப்ரசிங் சரியாக இருந்தாலும், போல்ட் காதுகள் மயிரிழை விலகியிருந்தால் புல்லி நேர்கோட்டில் நிற்காது. பெல்ட் கீச்சிட்டுக்கொண்டே இருக்கும். வாங்குமுன் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, புல்லியின் பள்ளங்களை எண்ணிப் பாருங்கள்.

எண்ணெயிலும் இதே கவனம் வேண்டும். புதுக் கம்ப்ரசர் சிலது முழு ஏசிக்கும் வேண்டிய எண்ணெயோடு வரும், சிலது ஒரு சொட்டுகூட இல்லாமல் வரும். பெட்டியில் உள்ள தாளைப் படிக்காமல் மாட்டினால் ஒன்று வறண்டு சாகும், இல்லையென்றால் எண்ணெய் மிதமிஞ்சிக் குளிரவே குளிராது.

ஜிகினாத் தூள் கண்ணில் பட்டிருந்தால் கதையே வேறு. நான் செய்த முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். பிடித்துக்கொண்ட கம்ப்ரசரைக் கழற்றிவிட்டு நல்லதொரு ரீகண்டிஷனைப் போட்டேன். டிரையர் மாற்றினேன். கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டன்சரை மட்டும், கழுவினால் போதும் என்று விட்டேன். மூன்றாவது மாதம் அதுவும் பிடித்துக்கொண்டது. பிறகு அந்தக் கண்டன்சரை அறுத்துப் பார்த்தபோது, பென்சில் முனை நுழையாத தட்டைக் குழாய்களுக்குள் சாம்பல் நிறக் களிம்பு அப்பியிருந்தது. இந்த வகைக் கண்டன்சரில் திரவம் அடைத்த குழாயை விட்டுவிட்டுத் திறந்த குழாய் வழியாகவே போய்விடும், எவ்வளவு கழுவினாலும் பொடி அப்படியே கிடக்கும். ஆகவே உள்ளே அரைத்துக்கொண்டு செத்த கம்ப்ரசர் என்றால், கண்டன்சர், டிரையர், எக்ஸ்பான்ஷன் வால்வ் (அழுத்தத்தைக் குறைத்துக் குளிரவைக்கும் வால்வ்) மூன்றும் சேர்ந்தே மாற வேண்டும். அவ்வளவு செலவு செய்தபின் கம்ப்ரசரில் மட்டும் சிக்கனம் பிடிப்பது எனக்குப் புரிவதில்லை. இந்த இடத்தில் புதுசுதான்.

வண்டி 1990களின் முன்பாதியைச் சேர்ந்ததென்றால் இன்னொன்றும் உண்டு. ஓசோன் படலத்தைக் காக்க 1987-ல் வந்த மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு ஆர்-12 கேஸ் ஒழிந்து ஆர்-134ஏ வந்தது. பழைய மினரல் எண்ணெய் இந்தக் கேஸோடு கலக்காது. கம்ப்ரசர் கழன்று கிடக்கும் நேரம்தான் மாறுவதற்கு வாகானது: எஸ்டர் எண்ணெய், புது ஓ-ரிங், பழைய எடையில் 80 முதல் 90 சதவீதம் கேஸ்.

ஏசியே வேண்டாம் என்று முடிவெடுத்தால், சில மாடல்களுக்கு கம்ப்ரசர் இடத்தில் வெறும் புல்லி மாட்டலாம், அல்லது குட்டைப் பெல்ட் போடலாம். ஆறு மாதத்தில் விற்கப்போகிற வண்டிக்கு இது வெட்கப்பட வேண்டிய வழியில்லை. மழையில் முன் கண்ணாடி பனிபடரும்போது ஏசி எவ்வளவு உதவியது என்று மட்டும் நினைவுக்கு வரும். எதுவும் செய்யாமல் விட்டுவிடுவதுதான் மோசம். புல்லி பேரிங் சிக்கினால் பெல்ட் அறும். அதே பெல்ட்டில்தான் ஆல்டர்னேட்டரும், பல வண்டிகளில் வாட்டர் பம்பும் ஓடுகின்றன.

எந்தக் கம்ப்ரசரைப் போட்டாலும், வாக்குவம் அரை மணி நேரமாவது ஓடட்டும். கேஸ் ஏற்றியபின், ஸ்டார்ட் செய்யுமுன் தட்டைக் கையால் பத்துச் சுற்றுச் சுற்றுங்கள். உள்ளே தேங்கிய எண்ணெய் வெளியேறும், முதல் அடியிலேயே வால்வ் உடையாது. ஏசியைப் போட்டதும் நேராகப் போய் கண்டன்சர் ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். அது நின்றுபோய், அழுத்தம் தாறுமாறாக ஏறித்தான் பழைய கம்ப்ரசர் செத்திருந்தால், கொலைகாரன் இன்னும் வண்டிக்குள்ளேயே இருக்கிறான்.