ஒரு கைவினைச் சுங்கான்: வடிவம் தேறியது, சாயம் தேறவில்லை

இத்தாலியில் தனியாளாகப் பட்டறை நடத்தும் ஒருவரிடம் 320 யூரோ கொடுத்து வாங்கிய பிரையர் மரச் சுங்கானை (புகையிலை பிடிக்கும் குழாயை) மூன்று மாதம் பயன்படுத்திப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன். செய்தவரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. நான் கண்ட குறை இந்த ஒரு குழாயோடு நின்றுவிட்டதாகவும் இருக்கலாம். புகையிலை உடலுக்குக் கேடு என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. இங்கே பேசுவது மரவேலையைப் பற்றி மட்டுமே.

வடிவம், ‘பில்லியர்டு’ என்று வழங்கும் பழைய நேர்குழாய். பிரான்சின் சான் கிளோது பட்டறைகளும் லண்டன் பட்டறைகளும் தலைமுறை தலைமுறையாகக் கடைந்து கடைந்து தேற்றிய உருவம் இது. வளைவும் கொம்புமாகச் செதுக்கிய குழாயில் ஒரு பக்கம் கொஞ்சம் தடித்துவிட்டால் அதையே அழகென்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். பில்லியர்டில் அரை மில்லிமீட்டர் பிசகினாலும் கண் அங்கேயே போய் நிற்கும். புகையிலை இடும் கிண்ணத்தின் உயரமும் அதிலிருந்து நீளும் தண்டின் நீளமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும் என்பது இந்த வடிவத்தின் அடிப்படைக் கணக்கு. வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தேன்: கிண்ணம் 46 மி.மீ., தண்டு 45 மி.மீ. கிண்ணத்தின் வெளிவிட்டம் 36, உள்துளை 20. ஆகவே விளிம்பில் சுற்றிலும் 8 மி.மீ. சுவர் நிற்கிறது, எந்தப் பக்கமும் மெலியவில்லை. கிண்ணம் நடுவுக்குச் சற்றுக் கீழே வயிறு வைத்து, மேலே போகப் போக லேசாக ஒடுங்குகிறது. இந்த ஒடுக்கம் கொஞ்சம் கூடினால் முட்டை போலவும், குறைந்தால் டப்பா போலவும் தோன்றும்; இவர் அளவறிந்து நிறுத்தியிருக்கிறார்.

கைத்திறன் எனக்கு முழுதாகத் தெரிந்த இடம், தண்டு கிண்ணத்தோடு சேரும் மூலைதான். சுழலும் கடைசல் இயந்திரத்தின் உளி அந்த மூலைக்குள் போகாது என்பதால் அரத்தாலும் உப்புத்தாளாலும் கையால்தான் தேய்த்தாக வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் அங்கே கொஞ்சம் சதையை விட்டுவிடுவார்கள், தண்டு கழுத்து வீங்கியது போல் இருக்கும். இதில் தண்டைச் சுற்றி மெல்லிய நிழற்கோடு ஒன்று அறுபடாமல் ஓடுகிறது. புகை வரும் 4 மி.மீ. துளையும் கிண்ணத்தின் அடி மையத்தில் சரியாகத் திறக்கிறது. பஞ்சு சுற்றிய கம்பியை வாய்ப்பக்கம் விட்டால், வாய்க்குழலைக் கழற்றாமலே, அது தண்டுக்குள் பொருந்தும் கழுந்தில் எங்கும் முட்டாமல் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்க்கிறது.

எபோனைட் என்ற கெட்டி ரப்பரால் ஆன வாய்க்குழலில்தான் அளவு கொஞ்சம் தவறுகிறது. 65 மி.மீ. நீளத்தில் முதல் பாதி ஒடுங்கவே இல்லை; பிறகு அவசரமாகச் சரிந்து, பல் கவ்வும் இடத்தில் 4.8 மி.மீ. தடிமனில் முடிகிறது. 4 மி.மீ. அளவில் இருந்தால் வாய்க்கு இதமாக இருந்திருக்கும். 48 கிராம் எடைக்கு இது பெரிய துன்பமில்லை என்றாலும், பக்கவாட்டில் பார்க்கும்போது பின்பாரம் தெரிகிறது.

இனி சாயம். பிரையர் என்பது மத்தியதரைக் கடலோரத்துப் புதர் ஒன்றின் வேர்க்கட்டை. அதை மணிக்கணக்கில் கொதிக்கவைத்துச் சாறு இறக்கி, மாதக்கணக்கில் உலர்த்தித்தான் கடைசலுக்கு எடுப்பார்கள். மரத்தின் ரேகையை எடுத்துக்காட்டச் சாராயத்தில் கரைத்த கறுஞ்சாயத்தை முதலில் பூசித் தீக்குச்சி காட்டுவார்கள். சாராயம் குப்பென்று எரிந்து போக, சாயம் மரத்துக்குள் இறங்கும். பிறகு தேய்த்தால் கெட்டியான பாகங்களில் கறுப்பு நீங்கி, உறிஞ்சிய பாகங்களில் மட்டும் தங்கும். அதன்மேல் மஞ்சளோ ஆரஞ்சோ பூசினால் ரேகை துலங்கும். இவர் இரண்டாவது படியில் போதுமான அளவு தேய்க்கவில்லை. கிண்ணத்தின் முகப்பில் நேர்ரேகையும் இரு கன்னங்களிலும் பறவைக்கண் புள்ளிகளும் இருந்தும், புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து, கண்ணில் மை கரைந்தது போல இருக்கின்றன. விளிம்பை முழுக் கறுப்பாகவே விட்டுவிட்டார்.

அதைவிட மோசம், சாயம் கையில் ஒட்டியது. கிண்ணம் சூடேறியதும் மெழுகு இளகி, விரல் நுனிகளிலும் வெள்ளைக் கைக்குட்டையிலும் ஆரஞ்சு நிறம் இறங்கியது. முதல் நாலைந்து முறை இப்படி ஆவது உண்டு என்று பொறுத்தேன். மூன்றாவது வாரமும் நிற்கவில்லை. உள்துளைக்குள் சாயம் வழிந்திருந்தால் புகையின் சுவையே கெட்டிருக்கும். நல்ல வேளையாக உள்ளே கரிப்பூச்சு மட்டும்தான் இருந்தது. (தயிரில் கரித்தூளைக் குழைத்து அதைப் பூசும் கைவினைஞர்களும் உண்டு, தயிர் இப்படியெல்லாம் பயன்படும் என்று நம் வீடுகளில் சொன்னால் சிரிப்பார்கள்.)

கடைசியில் பஞ்சில் சாராயம் தொட்டு, மேல் சாயத்தை நானே துடைத்து எடுத்துவிட்டு, கார்னோபா மெழுகேற்றிப் பளபளப்பாக்கினேன். அப்போதுதான் இடது கன்னத்தின் அடியில் குண்டூசித் தலையளவு குழி ஒன்று வெளிப்பட்டது. கல்லாங்காட்டில் வளரும் வேர்க்கட்டையில் இது இயல்பு, புகைக்கும் தடையில்லை. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு புள்ளியை மறைக்க நல்ல ரேகை முழுவதையும் இருட்டில் போட்டதுதான் உறுத்துகிறது. மறைக்கத்தான் வேண்டும் என்றால் மணல் பீய்ச்சிச் சொரசொரப்பாக்கும் முறை இருக்கிறது. 1917இல் லண்டன் சுங்கான் நிறுவனமான டன்ஹில் காப்புரிமை எடுத்த ‘ஷெல்’ குழாய்களின் வழி அது. அங்கே கருஞ்சாயம் பள்ளங்களில் தங்கி, மேடுகள் எடுப்பாகத் தெரியும்.

இதே வடிவத்தில், வாய்க்குழலை மெலிதாக்கி, சாயமே இல்லாமல் ஒன்று செய்து தர முடியுமா என்று அவருக்கு எழுதிக் கேட்டேன். முடியும், ஆனால் 90 யூரோ கூடும் என்று பதில் வந்தது; சாயமில்லாமல் விடுவதற்குக் குழியே இல்லாத கட்டை வேண்டும், அது கிடைக்கும்வரை பல கட்டைகளைக் கடைந்து பாதியில் ஒதுக்க நேரும் என்பது அவர் சொன்ன காரணம். முன்பணம் அனுப்பிவிட்டேன்.