கையில் ஒட்டும் சர்க்கரைச் சென்சார்: ஒரே ரொட்டி சானாய், இரண்டு கோடுகள்

மேல்கையின் பின்பக்கம் ஒட்டும் சென்சார், ஒன்று இருநூறு வெள்ளிக்கு மேல். 14 நாள் சர்க்கரையை அளந்து போனில் கோடாகக் காட்டும். ஜார்ஜ்டவுன் பார்மசியில் இரண்டு வாங்கினேன். எனக்குப் பல வருஷமாக இனிப்புநீர். வீட்டுக்காரருக்கு ஒன்றும் இல்லை, சும்மா ஆசை. "காசு கொழுத்துப் போச்சா?" என்றார் மாமியார். ஆனால் அந்த இரண்டாவது சென்சார் இல்லாவிட்டால் எனக்குப் பாதிகூடப் புரிந்திருக்காது.

ஒட்டுவது சுலபம். 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் பசியாறினோம். ஆளுக்கு இரண்டு ரொட்டி சானாய், பருப்புக் குழம்பு, தே தாரிக். அவர் கோடு லிட்டருக்கு 7.6 மில்லிமோல் வரை ஏறி, ஒன்றரை மணி நேரத்தில் 5.5க்கு வந்துவிட்டது. என்னுடையது 13.4. மத்தியானம் வரை 10க்குக் கீழே இறங்கவே இல்லை.

வித்தியாசம் இன்சுலின் சுரக்கும் கணையத்து பீட்டா செல்லில் இருக்கிறது. சர்க்கரை அதற்குள் போய் எரிந்தால், செல்லுக்குச் சக்தி தரும் ஏடிபி கூடும். ஏடிபி கூடினால் பொட்டாசியம் வாசல் மூடிக்கொள்ளும். அதனால் செல் சவ்வின் மின்னழுத்தம் மாறி, கால்சியம் வாசல் திறக்கும். கால்சியம் உள்ளே பாய்ந்ததும், தயாராக நிற்கும் இன்சுலின் துகள்கள் வெளியே கொட்டும். நல்ல கணையத்தில் முதல் அலை சில நிமிடத்திலேயே வந்துவிடும், மெதுவான அலை பின்னால் வரும். என் போன்றவர்களுக்கு முதலில் அடிபடுவது அந்த முதல் அலைதான். போதாததற்கு, வருகிற இன்சுலினுக்கும் உடம்பு சரியாக மசியாது.

கிளினிக்கில் எனக்குத் தரும் கிளிக்லசைட் அதே பொட்டாசியம் வாசலை நேராகப் போய் மூடுகிற மாத்திரை. சர்க்கரை வந்ததா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. ஆபீஸ் மீட்டிங் இழுத்துக்கொண்டே போய்ச் சாப்பாடு தள்ளிப்போன ஒரு நாள், சர்க்கரை தாழ்ந்துவிட்டது என்று போன் அலறியது: 3.7. கைப்பையில் இருந்த இனிப்பு மிட்டாய் காப்பாற்றியது. கொடுத்த காசு அன்றைக்கே எனக்குச் செரித்துவிட்டது.

குறைகளும் உண்டு. இது ரத்தத்தை அளப்பதில்லை, செல்களுக்கு இடையில் இருக்கும் நீரை அளக்கிறது. அதனால் வேகமாக ஏறும்போதும் இறங்கும்போதும் சில நிமிடம் பின்தங்கும். சந்தேகம் வந்தால் விரலில் குத்தித்தான் பார்க்க வேண்டும். அந்தப் பக்கமாகப் படுத்துத் தூங்கினால் பொய்யாக இறங்கிக் காட்டி நடுராத்திரியில் எழுப்பும். நம்ம பினாங்கு வெயிலுக்கு ஒட்டு ஒரு வாரத்திலேயே ஓரம் கிளம்பிவிட்டது, மேலே பிளாஸ்திரி போட வேண்டியதாயிற்று.

இன்னொன்று, இதில் இன்சுலின் தெரியாது, சர்க்கரை மட்டும்தான். தன் கோடு தாழ்ந்திருப்பதைப் பார்த்து வீட்டுக்காரர் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்கிறார். அவர் கணையம் அதற்கு எவ்வளவு இன்சுலினைக் கொட்டி மாரடிக்கிறதோ, யார் கண்டது? அதற்கு வேறு ரத்தப் பரிசோதனை எடுக்க வேண்டும்.

மாதா மாதம் வாங்கக் கட்டுப்படியாகாது. கிளிக்லசைட் மாதிரி மாத்திரையோ இன்சுலின் ஊசியோ போடுகிறவர்கள், டாக்டர் மருந்தை மாற்றும் சமயத்தில் ஒரு தடவை ஒட்டிப் பார்க்கலாம். ஐந்துக்கு நாலு நட்சத்திரம். ஒன்றைக் குறைத்தது அந்த ஒட்டுக்காக.