ஏழு கேள்விகளில் ஒரு வாரத்து உடலியக்கம்: ஐபேக் குறும்படிவம் பற்றிய மதிப்புரை

அன்றாடம் எவ்வளவு நேரம் உடலை அசைத்து வாழ்கிறோம் என்பதை நம் வாயாலேயே சொல்லவைத்துக் கணக்கிடும் படிவங்களில், உலகெங்கும் பெரிதும் புழங்குவது ஐபேக் என்று சுருக்கமாக அழைக்கப்படும் பன்னாட்டு உடலியக்க வினாப்படிவம். 1998இல் ஜெனீவாவில் கூடிய ஆய்வாளர்கள் இதற்கு அடித்தளமிட்டார்கள். 12 நாடுகளில் 14 மையங்களில் நடந்த சோதனைகளின் முடிவு 2003இல் வெளிவந்தது. 27 கேள்விகள் கொண்ட நெடும்படிவம், 7 கேள்விகள் கொண்ட குறும்படிவம் என இரண்டு உண்டு. நான் இங்கே மதிப்பிடுவது குறும்படிவத்தை. இதற்குக் கட்டணமும் இல்லை, யாரிடமும் அனுமதி பெற வேண்டியதும் இல்லை.

கடந்த ஏழு நாள்களில் கடுமையான உழைப்பில் எத்தனை நாள் ஈடுபட்டீர்கள், அத்தகைய ஒரு நாளில் வழக்கமாக எவ்வளவு நேரம் என்று படிவம் தொடங்குகிறது. பிறகு மிதமான உழைப்பு, அதன் பிறகு நடை, இறுதியாக வேலைநாள் ஒன்றில் உட்கார்ந்திருக்கும் நேரம். முதல் மூன்றின் நிமிடங்களையும் முறையே 8, 4, 3.3 என்னும் மெட் மதிப்புகளால் (ஓய்வாக இருக்கும்போது செலவாகும் ஆற்றலைப் போல எத்தனை மடங்கு செலவாகிறது என்னும் அளவு) பெருக்கிக் கூட்ட வேண்டும். உட்காரும் நேரம் இந்தக் கூட்டலில் சேராது. வாரத்தில் இரண்டு நாள் அரை மணி நேரம் ஓடி, மூன்று நாள் நாற்பது நிமிடம் மிதமாக உழைத்து, ஐந்து நாள் அரை மணி நேரம் நடப்பவருக்கு 480, 480, 495 சேர்ந்து 1455 மெட்-நிமிடங்கள் வருகின்றன. தாழ்வு, நடுநிலை, உயர்வு என்று படிவம் பிரிக்கும் மூன்று பிரிவுகளில் அவர் நடுநிலைப் பிரிவில் அமர்வார். தாளும் பேனாவும் இருந்தால் யாரும் செய்துவிடக்கூடிய கணக்கு இது, அதுவே இதன் பெரிய கவர்ச்சி.

கணக்கு எளிதென்றாலும் அதற்குள் போடப்படும் எண்களை நினைவிலிருந்து எடுப்பது எளிதன்று. மூச்சு வழக்கத்தைவிட மிகவும் வேகமாக வாங்கினால் கடுமையானது, ஓரளவு வேகமாக வாங்கினால் மிதமானது என்று படிவம் விளக்குகிறது. மூச்சு வாங்குவதோ ஆளுக்கு ஆள் மாறும்: பழக்கமில்லாத உடலுக்கு மாடிப்படியே கடுமை, பயிற்சி பெற்ற உடலுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. ஒரே வேலையைச் செய்யும் இருவரில் எளிதில் இளைப்பவர் அதைக் கடுமை என்று குறித்து நிமிடத்துக்கு 8 பெறுகிறார், மற்றவர் மிதம் என்று குறித்து 4 பெறுகிறார். உடலியக்கம் குறைந்தவருக்கே கூடுதல் மதிப்பெண் போய்ச் சேரும் இந்த வழியைப் படிவத்தின் முதற்குறையாக நான் கருதுகிறேன்.

அடுத்தது, குறைந்தது பத்து நிமிடம் தொடர்ந்து செய்தவற்றை மட்டுமே எண்ண வேண்டும் என்ற நிபந்தனை. பெருக்குவது, தண்ணீர் தூக்குவது, குழந்தையை எடுப்பது, மீண்டும் எழுந்து அடுக்குவது எனத் துண்டு துண்டாக நாள் முழுவதும் பரவிக்கிடக்கும் வீட்டு வேலைக்கு இந்த நிபந்தனையில் இடமே இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பத்து நிமிட வரம்பைக் கைவிட்டுவிட்டது. படிவமோ பழைய நிபந்தனையோடுதான் நிற்கிறது. 'வழக்கமாக எவ்வளவு நேரம்' என்ற கேள்வியும் மனக்கணக்கு கேட்கிறது. ஒரு நாள் இரண்டு மணி நேரமும் இன்னொரு நாள் கால் மணி நேரமும் உழைத்தவர் சராசரி தேடித் தடுமாறி, கடைசியில் அரை மணி அல்லது ஒரு மணி என்று முழு எண்ணில் வந்து நிற்கிறார். இருபத்து மூன்று நிமிடம் என்று யார்தான் சொல்லப்போகிறார்கள்?

இவற்றின் விளைவு எண்களில் தெரிகிறது. மறுமுறை கேட்டால் ஏறக்குறைய அதே விடை வருகிறதா என்ற சோதனையில் ஒட்டுறவு (இரு அளவீடுகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைக் காட்டும் எண், 1 என்றால் முழுப் பொருத்தம்) சுமார் 0.8, இது பாராட்டத்தக்கது. ஆனால் இடுப்பில் கட்டிய, அசைவை அளக்கும் கருவியான ஆக்சிலரோமீட்டரோடு ஒப்பிடும்போது அது சுமார் 0.3 ஆகச் சரிகிறது. குறும்படிவம் உடலியக்கத்தைக் கருவி காட்டுவதைவிடச் சராசரியாக 84 விழுக்காடு கூட்டிக் காட்டுவதாக 2011இல் வெளியான ஒரு மீளாய்வு கணித்தது. கருவியும் குறையற்றதன்று என்பதையும் சொல்லியாக வேண்டும்: மிதிவண்டி ஓட்டுவதையும் சுமை தூக்குவதையும் இடுப்புக் கருவி சரியாக உணர்வதில்லை, நீரில் நனையக்கூடாததென்றால் நீச்சல் நேரம் முழுவதும் விட்டுப்போகும்.

ஆகவே 15 முதல் 69 வயது வரையுள்ள பெருந்தொகையினரிடையே எந்தக் குழு கூடுதலாக இயங்குகிறது, எது குறைவாக இயங்குகிறது என்று வரிசைப்படுத்த இந்தப் படிவத்தைத் தயங்காமல் எடுக்கலாம். ஒரு தனிமனிதரின் நிமிடங்களை அறியவோ, சிறு குழுவுக்கு அளித்த பயிற்சி பலன் தந்ததா என்று காணவோ எடுக்கக்கூடாது. பயிற்சித் திட்டங்களை மதிப்பிடுவது தங்கள் நோக்கமன்று என்று உருவாக்கியவர்களே கூறியிருந்தும், அதற்காகவே பலர் இதைப் பயன்படுத்துவது வியப்பளிக்கிறது. வேலை, போக்குவரத்து, ஓய்வுநேரம் என்று பிரித்து அறிய வேண்டுமானால் உலக சுகாதார நிறுவனத்தின் 16 கேள்விப் படிவமான ஜிபேக் பொருத்தமானது.

பயன்படுத்த முடிவெடுப்பவர்கள் கணக்கீட்டு விதிகளை முன்கூட்டியே படிக்க வேண்டும். மூன்று வகை நேரமும் சேர்ந்து நாளுக்கு 960 நிமிடத்தைத் தாண்டினால் அந்த விடையை நீக்கச் சொல்கிறார்கள். ஒவ்வொரு வகையையும் நாளுக்கு 180 நிமிடத்தோடு வெட்டச் சொல்கிறார்கள். மிகைக்கூற்றை அடக்குவதற்கான விதி இது. ஆனால் எட்டு மணி நேரம் மண்வெட்டி பிடிப்பவரின் உண்மையான உழைப்பும் இதில் மூன்று மணி நேரமாகச் சுருங்கிவிடும். மறுபுறம், தினமும் ஒரு மணி நேரம் நடந்து ஒரு மணி நேரம் மிதமாக உழைத்ததாகச் சொல்பவர் 3066 மெட்-நிமிடங்களோடு, 3000 என்ற எல்லையைத் தாண்டி அந்த உழைப்பாளியோடு அதே உயர்பிரிவில் சேர்ந்துவிடுவார். கூலி உழைப்பாளிகள் மிகுந்த மக்களிடம் இப்படிவத்தைக் கொண்டுசெல்பவர்கள், வெட்டுவதற்கு முந்தைய நிமிடங்களைத் தனியே பதிந்துவைத்து, பிரிவுகளோடு அவற்றையும் சேர்த்தே வெளியிட வேண்டும்.