மேலூர் பக்கம் ஆஃப் ரோடு பார்க்: வண்டி அருமை, ட்ராக் போகிற இடம்தான் தப்பு

மேலூர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இருக்கிற ஏடிவி (மேடு பள்ளத்தில் ஓட்டுகிற நாலு சக்கர வண்டி) பார்க் பற்றி எழுதுகிறேன். பேரை வேண்டுமென்றேதான் போடவில்லை. அவர்கள் ஒரு விஷயத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான், கூட்டம் குறைய வேண்டும் என்பது என் ஆசை இல்லை.

வண்டிகளை நன்றாகப் பராமரிக்கிறார்கள். பிரேக் பிடிக்கிறது, ஹெல்மெட் சுத்தமாக இருக்கிறது, சின்னப் பிள்ளைகளுக்குத் தனி ட்ராக், கூடவே ஒரு தம்பி ஓடி வருகிறான். சேற்றுக் குழி அருமை. டீ சுமார்.

பெரிய ட்ராக்கின் கடைசிச் சுற்று ஒரு செம்மண் மேட்டில் ஏறி ஓடைப் பக்கம் இறங்குகிறது. அங்கே வண்டியை நிறுத்திவிட்டுக் கீழே பாருங்கள், சக்கரத் தடம் முழுக்கப் பானை ஓடு. உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு, நடுவே விரல் தடிமனில் தாழி ஓடுகள். ஓர் இடத்தில் தாழியின் வாய் தரையோடு தரையாகப் பாதி வட்டமாகத் தெரிகிறது, டயர் ஏறி ஏறி அதில் ஒரு பக்கம் நொறுங்கியே போய்விட்டது. மதமதக்கா தாழி, அதாவது அந்தக் காலத்தில் இறந்தவர்களை வைத்துப் புதைத்த முதுமக்கள் தாழி! கூட வந்த தம்பியிடம் கேட்டேன். "பழைய பானைண்ணே, மழை பெஞ்சா நெறைய வெளிய வரும்" என்றான். அவன் மேல் தப்பே இல்லை, அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அது இறந்தவர்களைப் புதைத்த இடம் என்று சொன்னதும் அவனாகவே அடுத்த வண்டிகளை வேறு பக்கம் திருப்பிவிட்டான்.

உடைந்த ஓடுதானே என்று தோன்றலாம். ஆனால் தாழி எந்த மண்ணடுக்கில் இருந்தது, அதற்குள் என்ன வைத்திருந்தார்கள், பக்கத்தில் என்ன கிடந்தது, இதெல்லாம் கலையாமல் இருந்தால்தான் தோண்டுகிறவர்களால் ஏதாவது சொல்ல முடியும். ஏற்றத்தில் சக்கரம் வழுக்கிச் சுற்றும்போது மேல்மண்ணைப் பின்னால் வாரி இறைக்கிறது, அடுத்த மழையில் அந்தத் தடமே வாய்க்காலாகி இன்னும் ஆழமாக அறுக்கிறது. கீழடிக்குப் பக்கத்துக் கொந்தகையில் தாழிகள் பத்திரமாகக் கிடந்ததால்தான் அங்கே கிடைத்த மண்டையோடுகளை வைத்து 2025இல் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தால் இரண்டு முகங்களை உருவாக்க முடிந்தது. இந்த மேட்டிலும் அப்படி யாராவது இருக்கலாம், அவர் தலைமேல்தான் நாம் காசு கொடுத்து வண்டி ஓட்டுகிறோம்.

அரசு பார்த்துக்கொள்ளும் என்று விடவும் முடியாது. பழஞ்சின்னங்களைப் பாதுகாக்கிற 1958 மத்தியச் சட்டமும் அதன் 2010 திருத்தமும் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டுமானம் கூடாது என்று சொல்வது மத்திய அரசு பாதுகாக்கப்பட்டதாக அறிவித்த இடங்களுக்குத்தான். பட்டா நிலத்தில் பேரில்லாமல் கிடக்கிற தாழிக்காட்டுக்கு ஒரு போர்டுகூட கிடையாது, நிலத்துக்காரர் மனசு வைத்தால்தான் உண்டு. வண்டி ஏறினால் என்ன ஆகும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணமே இருக்கிறது. பெருவில் நாஸ்கா கோடுகளின் (தரையில் கீறிய பழங்காலப் பெரிய உருவங்கள்) மேல் 2018 ஜனவரியில் ஒரே ஒரு லாரி ஏறியதற்கே மூன்று உருவங்கள் சேதமாயின. கலிபோர்னியாவில் பிளைத் பக்கம் பாலைவனத் தரையில் இருக்கிற பெரிய உருவங்கள் மேல் வண்டிகள் ஓடித் தடம் விழுந்ததால் வேலி போட வேண்டியதாயிற்று.

இங்கே தீர்வு ரொம்பச் சுலபம். பார்க்கின் மறுபக்கம் பழைய கிரானைட் குவாரியின் கழிவு மேடு சும்மா கிடக்கிறது, அந்த ஏற்றம் இதைவிடச் செங்குத்து, ஓட்டுகிறவர்களுக்கும் அதுதான் பிடிக்கும். கடைசிச் சுற்றை அங்கே மாற்றட்டும். செம்மண் மேட்டைச் சுற்றிக் கயிறு கட்டட்டும், ஆனால் கம்பம் நட என்று குழி தோண்டக் கூடாது, தரைமேல் பெரிய கல்லை வைத்துக் கட்டினாலே போதும். தொல்லியல் துறைக்கு ஒரு கடிதம் எழுதி வந்து பார்க்கச் சொல்லட்டும். அப்புறம் கவுன்ட்டரில் அழகுக்கு ஒரு தட்டு நிறைய ஓடுகளை வைத்திருக்கிறார்களே, அதை முதலில் எடுக்க வேண்டும், அதைப் பார்த்துவிட்டு வருகிறவர்களும் ஆளுக்கொன்று பொறுக்கிப் பையில் போட்டுக்கொள்கிறார்கள்.

மேனேஜரிடம் எல்லாம் சொன்னேன், பொறுமையாகக் கேட்டார், "பாக்கலாம் சார்" என்றார். போட்டோக்களையும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன்.

வண்டிக்கும் பாதுகாப்புக்கும் நாலு ஸ்டார் தரலாம், அந்த மேட்டுக்காக மொத்தம் ரெண்டுதான் போடுகிறேன், ட்ராக்கை மாற்றினால் அன்றைக்கே ஏற்றிவிடுவேன். இப்போதே போகிறவர்கள் டிக்கெட் எடுக்கும்போது மேட்டுச் சுற்று வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், காசு குறைக்க மாட்டார்கள், ஆனால் கேட்டால் சேற்றுக் குழியில் கூடுதலாக ஒரு சுற்று விடுகிறார்கள்.