பத்துகாணிக்கு முதலில் பாலமா, ஹோம்ஸ்டேயா?

கேரள எல்லை என்றாலே குமரிக்காரர்களுக்குக் களியக்காவிளை செக்போஸ்ட்தான் ஞாபகம் வரும். ஆனால் அங்கிருந்து வடக்கே மலை ஏறினால் பத்துகாணி, ஆறுகாணி என்று ரப்பர் மரங்களுக்கு நடுவே ஊர்கள் இருக்கின்றன, தெற்கே கடலுக்கு இறங்கினால் நீரோடி இருக்கிறது, பேச்சிப்பாறை அணைக்கு மேலே காணிக்காரர் என்ற பழங்குடிகளின் குடியிருப்புகள் இருக்கின்றன. இந்த ஊர்களை எப்படி மேலே கொண்டுவருவது என்று பேச்சு வரும்போதெல்லாம் ஒரு கூட்டம் ரோடு என்று சொல்லும், இன்னொரு கூட்டம் டூரிசம் என்று சொல்லும்.

வடக்கே சீன எல்லையோரக் கிராமங்களுக்கு மத்திய அரசு 2023-ல் 4,800 கோடி ரூபாய்க்குத் திட்டம் போட்டது, அதில் 2,500 கோடி ரோட்டுக்கு மட்டும். உத்தராகண்டின் மாணா கிராமத்தில் 'கடைசி கிராமம்' என்றிருந்த போர்டைக்கூட 'முதல் கிராமம்' என்று மாற்றினார்கள். அங்கே ரோடும் வருகிறது, சுற்றுலாவும் வருகிறது, காரணம் ஊர் காலியாகிவிடக் கூடாது என்று டெல்லிக்குக் கவலை. நம்முடையது வெறும் மாநில எல்லை, யாருக்கும் அவசரம் கிடையாது. அதனால் இரண்டையும் சேர்த்துச் செய்யப் பணம் வராது, ஒன்றை முதலில் எடுத்தாக வேண்டும்.

எனக்குத் தெரிந்து மூன்று வழி இருக்கிறது. முதலாவது, ரோடும் பாலமும். குற்றியாறு, மோதிரமலைப் பக்கம் மழை வலுத்தால் தரைப்பாலம் மூழ்கிப் போக்குவரத்து நின்றது என்பதை எத்தனை மழைக்காலம் செய்தியில் படித்திருப்போம். ஒரு ஆடி மாதம் பைக்கில் போய் அப்படியொரு பாலத்துக்கு முன்னால் நின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறேன். எனக்கு அது ஒரு ஞாயிற்றுக்கிழமை வீணானது, அவ்வளவுதான், அக்கரையில் இருப்பவருக்கு அன்றைக்குப் பிரசவ வலி வந்திருந்தால் கதை வேறு. இன்னொரு விஷயம், 2006 வன உரிமைச் சட்டத்தில் ரோடு, பள்ளிக்கூடம், ரேஷன் கடை, மின்கம்பி மாதிரி 13 வசதிகளுக்குக் கிராமசபை பரிந்துரைத்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குள் வன நிலம் கொடுக்கலாம், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது. இந்தக் காடு வனவிலங்குச் சரணாலயம் என்பதால் வேறு நிபந்தனைகளும் வரும், ஆனாலும் வழி இருக்கிறது. அந்தப் பட்டியலில் ரிசார்ட் கிடையாது என்பதையும் கவனிக்கணும்.

ரோட்டுக்கு ஒரு கெட்ட முகமும் உண்டு. நல்ல ரோடு போட்டதும் ஊருக்குள் முதலில் வருவது ஆம்புலன்ஸா என்றால் சந்தேகம்தான், நிலத் தரகரும் ராத்திரி நேரக் கழிவு லாரியும் முந்திக்கொள்வார்கள். அந்தப் பக்கத்துக் கோழிக்கழிவையும் ஆஸ்பத்திரிக் கழிவையும் நம் ரப்பர் தோட்டத்து ஓரத்தில் தட்டிவிட்டுப் போகிற கூத்தைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது, திற்பரப்பு மாதிரி. ஒரு அருவி, டிக்கெட், பார்க்கிங், படகு, நேந்திரங்காய் சிப்ஸ். கூட்டம் வரும், மறுக்கவில்லை. ஆனால் காலையில் வந்தவர் சாயங்காலம் போய்விடுவார், காசு கடைக்காரரோடும் பார்க்கிங் ஏலம் எடுத்தவரோடும் நின்றுவிடும். போதாததற்குப் பேச்சிப்பாறை நிரம்பி மறுகால் திறந்தால் அருவியில் குளிக்கத் தடை. மலையோரத்தில் இதே மாதிரி ஏற்கெனவே ஒன்று நடக்கிறது: சித்ரா பௌர்ணமிக்குக் காளிமலை, ஈஸ்டரை ஒட்டி அந்தப் பக்கம் குரிசுமலை. அந்தச் சில நாட்கள் ஊர் நிரம்பி வழியும், கூட்டம் இறங்கியதும் பாட்டிலும் பிளாஸ்டிக்கும்தான் மிச்சம். எனக்கு இந்த இரண்டாவது வழி சுத்தமாகப் பிடிக்கவில்லை.

மூன்றாவது ஹோம்ஸ்டே. இதை ஆரம்பத்தில் நான் பணக்காரப் பேச்சு என்றுதான் நினைத்தேன், ரப்பர் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு கொஞ்சம் மாறினேன். தை, மாசியில் ரப்பர் இலை உதிர்த்துத் துளிர்க்கும்போது பால்வெட்டை நிறுத்திவிடுவார்கள், வெட்டுகிறவர்களுக்கு அப்போது கையில் காசு இருக்காது. மழை இல்லாத, பாறை வழுக்காத, வெளியூர்க்காரர் வந்து தங்க ஏற்ற நேரமும் அதேதான்! மத்திய சுற்றுலாத் துறையின் விதிப்படி வீட்டுத் தங்கல் என்றால் ஆறு அறைக்கு மேல் கூடாது, வீட்டுக்காரர் குடும்பம் அங்கேயே குடியிருக்க வேண்டும். அதாவது காசு வீட்டுக்காரர் கைக்கே வரும். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும், நல்லமிளகு தட்டிப்போட்ட கட்டன்சாயாவும் கொடுத்தால் சென்னைக்காரர் வேறென்ன கேட்கப் போகிறார்? நல்ல கக்கூஸ் கேட்பார். தண்ணீர் கேட்பார், போனுக்கு டவர் கேட்பார், ராத்திரி பாம்பு கடித்தால் எங்கே போவது என்றும் கேட்பார். எல்லாம் சுற்றி மறுபடி முதல் வழிக்கே வந்துவிடுகிறது.

பத்துகாணி மாதிரி பட்டா நிலம் உள்ள ஊர்களுக்குத்தான் இது சரி. காணிக்காரர் குடியிருப்புகளில் இதைத் திணிக்கக் கூடாது. 'பழங்குடிகளைப் பார்க்க வந்தோம்' என்று கேமராவோடு இறங்குவது விருந்தாளி வேலை அல்ல. அவர்களாகக் கேட்டால் வழிகாட்டி வேலையும் தேனும் கிராம்பும் விற்கிற ஏற்பாடும் செய்யலாம், பங்கு எவ்வளவு என்பது எழுத்தில் இருக்கணும். கேரளத்துக் காணிகள் ஆரோக்கியப்பச்சைச் செடியைக் காட்டிக்கொடுத்தபோது, அதிலிருந்து வந்த மருந்தின் உரிமத் தொகையில் பாதி அவர்களுக்கு என்று ஒப்பந்தம் ஆனது. அதிலும் பிற்பாடு சிக்கல் வந்தது, இருந்தாலும் பாதி என்று பேசிவிட்டுத்தான் தொடங்கினார்கள்.

கடற்கரைக் கதை வேறு. நீரோடியில் நின்று பார்த்தால் கொஞ்ச தூரத்தில் பூவார்: நெய்யாற்றுக் கழிமுகம், மிதக்கும் காட்டேஜ், படகுச் சவாரி. இந்தப் பக்கம் கடல் வீட்டுக்குள் வருகிறது. தூத்தூர் வட்டாரத்து ஆட்கள் ஆழ்கடலுக்குப் போய்ச் சுறா பிடிப்பவர்கள், 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயலில் அத்தனை பேரைப் பறிகொடுத்தவர்கள். அங்கே போய் ஹோம்ஸ்டே என்று பேச எனக்கு வாய் வராது, கடல் அரிக்காமல் தடுக்கக் கல் கொட்டிப் போடுகிற தூண்டில் வளைவு முதலில். ஆனால் நம்மிடம் ஒன்று சும்மா கிடக்கிறது, ஏவிஎம் (அனந்த விக்டோரியா மார்த்தாண்டன்) கால்வாய். 1860-ல் திருவிதாங்கூர் மகாராஜா காலத்தில் பூவார் பக்கமிருந்து குளச்சல் பக்கம் படகு போக வெட்டினார்கள், இன்று பாதி இடத்தில் குப்பையும் ஆகாயத்தாமரையும். அதைத் தூர்வாரினால் மழைத்தண்ணீர் வடியும், அப்புறம் படகும் விடலாம். வெறும் சுற்றுலாவுக்கு என்று இல்லாமல் ஊருக்கும் பயன்படுகிற வேலை இது. மாத்தூர் தொட்டிப்பாலமும் 1966-ல் வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோகத்தானே கட்டினார்கள், 115 அடி உயரத்தில் நடந்து பார்க்கிற கூட்டம் பிறகு தானாக வந்தது.

என் வரிசை இதுதான்: மலையில் பாலமும் டவரும், கடலோரத்தில் தூண்டில் வளைவும் கால்வாயும். 37 கோடியில் விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே கண்ணாடிப் பாலம் போட முடிந்த மாவட்டத்தில், ஆற்றைக் கடக்க ஒரு உயரமான சிமென்ட் பாலம் கேட்பது பேராசை ஆகாது. ஹோம்ஸ்டேயை அது முடியும்வரை தள்ளிப்போட வேண்டும் என்றும் இல்லை. ஏற்கெனவே பஸ் போகிற பத்துகாணியில், அடுத்த மாசியில் பால்வெட்டு நின்றதும், விருப்பப்பட்ட நாலைந்து வீட்டில் தொடங்கிப் பார்க்கலாம்.