மயிலாப்பூரில் காலை டிபன்: சட்னியைப் பார்த்துக் கடையை முடிவு செய்யுங்கள்

மயிலாப்பூருக்குப் புதிதாகக் குடிவந்தவர்களும் சரி, கபாலீஸ்வரரைப் பார்த்துவிட்டுப் பசியோடு வெளியே வருகிறவர்களும் சரி, கேட்பது ஒன்றைத்தான். காலையில் நல்ல டிபன் எங்கே கிடைக்கும்? என் பதில் ராயர் மெஸ். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் எல்லோரையும் எல்லா நாளும் அங்கே அனுப்ப முடியாது என்பதால், ஏன் அது பிடித்திருக்கிறது, யாருக்கு அது ஒத்துவராது, அங்கே இடம் கிடைக்காவிட்டால் பக்கத்தில் எங்கே போகலாம் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கச்சேரி ரோட்டை ஒட்டிய அருண்டேல் தெருவில், ஒரு குறுகலான சந்துக்குள் இருக்கிறது கடை. தெரியாதவர்கள் அந்தப் பக்கமாகப் போனால் கவனிக்காமலே தாண்டிவிடுவார்கள். 80 ஆண்டுகளுக்கு மேல் ஓடும் மெஸ், ஒரே குடும்பம் தலைமுறை தலைமுறையாக நடத்துகிறது. உள்ளே போனால் சின்னக் கூடம், கைவிட்டு எண்ணக்கூடிய மேசைகள், அவ்வளவுதான். ஒரு பந்தி எழுந்தால்தான் அடுத்த பந்தி உட்கார முடியும், அதுவரை சந்தில் நின்றுகொண்டிருப்போம். நிற்கிற கூட்டத்தில் வேட்டி கட்டிய பெரியவரும் இருப்பார், நடைப்பயிற்சி முடித்து அப்படியே ஷூவோடு வந்தவரும் இருப்பார், வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்து அப்பா சாப்பிட்ட இடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறவரும் இருப்பார். யாரும் யாரையும் இடித்துக்கொண்டு உள்ளே போவதில்லை. அந்த ஒழுங்கே எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கெட்டிச் சட்னி. இந்தக் கடையின் பேரே அதில்தான் நிற்கிறது. தேங்காயும் பச்சைமிளகாயும் சேர்ந்த சட்னிதான், எல்லோர் வீட்டிலும் அரைப்பதுதான், ஆனால் இங்கே தண்ணீர் விட்டு நீட்டுவதில்லை. இட்லிக்குப் பக்கத்தில் வைத்தால் வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கும், ஓடி சாம்பாரோடு கலக்காது. ஒரு விள்ளல் இட்லியை அதில் ஒற்றி எடுத்தால் சட்னி இட்லியோடு ஒட்டிக்கொண்டு வரும். வாயில் போட்டதும் முதலில் தேங்காயின் இனிப்பு, அது அடங்குவதற்குள் மிளகாயின் காரம், காது மடல் வரை ஏறும் காரம். கண்ணில் தண்ணீர் வரும், ஆனாலும் கை மறுபடியும் சட்னிக்குத்தான் போகும். தேங்காய்ச் சட்னியில் தண்ணீர் கூடக்கூட உப்பு, காரம், தேங்காய் எல்லாமே ஒரே அளவில் மங்கிவிடும், அப்புறம் தாளிப்பில் கடுகு கறிவேப்பிலையை எவ்வளவு அள்ளிப் போட்டாலும் மீட்க முடியாது. கெட்டியாகக் கொடுப்பது என்றால் தேங்காய்க்குக் காசு செலவழிக்க மனசு வேண்டும். சென்னை வெயிலில் அரைத்த தேங்காய் சில மணி நேரத்திலேயே புளிக்கத் தொடங்கிவிடும் என்பதால் அளவோடு அரைத்து அந்த வேளைக்குள்ளேயே தீர்க்கவும் வேண்டும். நாள் முழுக்கத் திறந்திருக்கும் பெரிய ஓட்டல்களால் இதைச் செய்வது கஷ்டம். வேளைக்குச் சில மணி நேரம் மட்டும் அடுப்பு எரியும் கடையால்தான் முடிகிறது.

இட்லி பற்றியும் அதே மாதிரிதான் சொல்ல வேண்டும். ராத்திரி அரைத்து வைத்த மாவு விடிவதற்குள் பொங்கி நிற்கும், அந்தப் பதத்தில் ஊற்றிய இட்லிக்கு இலேசான ஒரு புளிப்பு மணம் உண்டு. உளுந்தில் இருக்கிற நுண்ணுயிர்கள் மாவில் காற்றைச் சேர்ப்பதால்தான் இட்லி உப்புகிறது, அதற்கு நேரம் கொடுக்கப் பொறுமை இல்லாதவர்கள் ஆப்பசோடாவைப் போட்டு உப்ப வைப்பார்கள். பார்க்க அதுவும் குண்டாகத்தான் இருக்கும். பிட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும், உள்ளே மணமே இருக்காது, சாப்பிட்ட அரை மணி நேரத்தில் தாகமாகத் தவிக்கும். நான் சொல்லும் இந்த மெஸ்ஸில் இட்லி வேகும்போது வந்தால் ஆவியோடு தட்டுக்கு வருகிறது, வேகும்வரை காத்திருக்கச் சொல்கிறார்கள். எனக்கு அந்தக் காத்திருப்பில் துளியும் வருத்தம் இல்லை.

பொங்கலைத் தனியாகப் பேச வேண்டும். வெண்பொங்கல் மாதிரி நேரத்தோடு போட்டி போடும் பண்டம் வேறு இல்லை. இறக்கியதும் கரண்டியிலிருந்து வழுக்கி விழும், ஆற ஆற அரிசியும் பாசிப்பருப்பும் தண்ணீரை இழுத்துக்கொண்டு இறுகிவிடும். அப்புறம் வெந்நீர் விட்டு இளக்கினாலும் முதல் பதம் திரும்ப வராது. அதனால்தான் பொங்கலுக்காகப் போகிறவர்கள் ஏழு மணிக்கே போய்விட வேண்டும் என்று அடித்துச் சொல்கிறேன். மிளகு முழுசாக, பல்லில் பட்டால் சுள்ளென்று இருக்க வேண்டும். இஞ்சி தெரிய வேண்டும், நெய் வாசம் வர வேண்டும், அதே சமயம் தட்டில் நெய் தேங்கி நிற்கக் கூடாது. பக்கத்தில் ஒரு வடை. மேலே மொறுமொறுவென்று, உள்ளே மெத்தென்று. ஓட்டை வழியாக எண்ணெய் சொட்டாமல் வந்தால் உளுந்தைத் தண்ணீர் குறைவாக விட்டு அரைத்திருக்கிறார்கள், எண்ணெயும் சரியான சூட்டில் இருந்திருக்கிறது என்று அர்த்தம். பொங்கலோடு வடையைச் சேர்த்துப் பிசைந்து கெட்டிச் சட்னி தொட்டுச் சாப்பிடுவது என் வழக்கம். சாம்பாரில் மூழ்கடித்துச் சாப்பிடுகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, ஆனால் முதல் வாயையாவது சட்னியோடு சாப்பிட்டுப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்வேன்.

கடைசியில் காபி. டம்ளர், டபராவில் வரும் பில்டர் காபி. முதல் டிகாக்‌ஷனில் கலந்த காபிக்கு ஒரு கனம் உண்டு, நாக்கின் பின்பக்கம் கசப்பு நிற்கும். அதே பொடியில் இரண்டாம் முறை வெந்நீர் ஊற்றி எடுத்தால் நிறம் மட்டும்தான் மிஞ்சும். சிக்கரி கொஞ்சம் கலப்பதில் தப்பே இல்லை, எங்கள் வீட்டிலும் கலந்துதான் வாங்குகிறோம். காரமான டிபனுக்குப் பிறகு சர்க்கரை குறைவான சூடான காபி உள்ளே இறங்கும்போது காரம் இன்னொரு முறை எழுந்து அடங்கும், அதுவரை எழுந்திருக்க மனசே வராது. ஆனாலும் வெளியே ஆள் நிற்கும்போது டம்ளரை வைத்துக்கொண்டு கதை பேசாதீர்கள், குடித்துவிட்டு எழுந்துவிடுங்கள்.

யாருக்கு ஒத்துவராது என்றும் சொல்லிவிட வேண்டும். பட்டியல் நீளமாக இருக்க வேண்டும், பூரி வேண்டும், ரவா மசாலா வேண்டும், பன்னீர் போட்ட தோசை வேண்டும் என்பவர்கள் வேறு இடம் பார்ப்பது நல்லது. காரம் தாங்காத குழந்தைகளோடு போனால் பொங்கலும் இட்லியும் கொடுத்துச் சமாளிக்கலாம், சட்னியைத் தள்ளி வைத்துவிடுங்கள். முட்டி வலியோடு நிற்க முடியாத பெரியவர்களை ஞாயிற்றுக்கிழமை எட்டரை மணிக்கு அழைத்துப் போவது அவர்களைப் படுத்துவதுதான். வார நாளில் கடை திறந்த கையோடு கூட்டிக்கொண்டு போங்கள். பத்து மணிக்குப் போய்விட்டு ஒன்றும் இல்லை என்று முகம் சுளிக்கவும் வேண்டாம், தீர்ந்துபோகிற அளவுக்குத்தான் செய்கிறார்கள், அதுதான் அந்தக் கடையின் பலமே. மாலையில் மறுபடி திறப்பார்கள், அப்போது போண்டா உண்டு, ஆனால் அது வேறு கதை.

வண்டியை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை தொடங்கியதிலிருந்தே லஸ் முனையிலும் கச்சேரி ரோட்டிலும் பாதை மாற்றமும் நெரிசலுமாக இருக்கிறது, காரை நிறுத்த இடம் தேடுவதற்குள் பொங்கல் தீர்ந்துவிடும். பறக்கும் ரயிலில் திருமயிலையில் இறங்கி நடந்துவிடுங்கள், காலைப் பசிக்கு அந்த நடை நல்லதும்கூட. எந்தக் கடையில் பார்சல் வாங்கினாலும் வீட்டிலிருந்தே பாத்திரம் கொண்டுபோங்கள். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது, அது ஒரு பக்கம் இருக்கட்டும், கொதிக்கிற சாம்பாரை மெல்லிய கவரில் கட்டி வாங்கிக் குழந்தைக்குக் கொடுக்க எப்படி மனசு வருகிறது என்று எனக்குப் புரிவதே இல்லை. நாலு அடுக்குத் தூக்கு ஒன்று போதும், இட்லி, பொங்கல், சட்னி, சாம்பார் எல்லாம் அடங்கிவிடும்.

இடம் கிடைக்காவிட்டால்? கோயிலுக்குப் பக்கத்திலேயே பொன்னம்பல வாத்தியார் தெருவில் ஜன்னல் கடை இருக்கிறது. நிஜமாகவே ஒரு வீட்டு ஜன்னல், கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து தட்டு நீளும், இந்தப் பக்கம் தெருவில் நின்றபடியே சாப்பிட வேண்டியதுதான். உட்கார்ந்து சாப்பிட்டால்தான் திருப்தி என்பவர்கள் கிழக்கு மாட வீதியில் கற்பகாம்பாள் மெஸ்ஸுக்குப் போகலாம், அங்கே கீரை வடைக்கும் அடை அவியலுக்கும் தனி ரசிகர் கூட்டமே உண்டு. குடும்பத்தோடு, பெரியவர்களோடு போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். மூன்றும் ஒன்றுக்கொன்று நடந்து போகிற தூரம்தான், ஒன்றில் கூட்டம் என்றால் இன்னொன்றுக்குப் போய்விடலாம். ஒரு பேட்டைக்குள் இப்படி மூன்று இடம் இருப்பது பெரிய பாக்கியம்.

இதே ஊரில், ஏசி போட்ட ஒரு பெரிய ஓட்டலில் போன மாதம் சாப்பிட்டதையும் சொல்ல வேண்டும், பெயர் வேண்டாம். பளபளவென்று மெனு அட்டை, அதைப் புரட்டி முடிக்கவே ஐந்து நிமிடம் ஆகும். இட்லி சூட்டுப்பெட்டியிலிருந்து வந்தது, அதனால் அடிப்பக்கம் வியர்த்து நசநசவென்று இருந்தது. நாலு கிண்ணத்தில் நாலு வண்ணத்தில் சட்னி, நாலையும் தொட்டால் ஒரே ருசி, அதுவும் ஃப்ரிட்ஜில் வைத்த சில்லிப்போடு. காலை எட்டு மணிக்கு சட்னி சில்லென்று இருந்தால் அது நேற்றையது, இதைக் கண்டுபிடிக்கப் பெரிய சமையல் ஞானம் தேவையில்லை. சட்னி மாற்றித் தாருங்கள் என்று கேட்டேன், அதே சட்னி வேறு கிண்ணத்தில் வந்தது. என் பக்கத்து மேசையில் ஒரு பாட்டி வடையைப் பாதியில் வைத்துவிட்டார். சாப்பாட்டை வீணாக்காத தலைமுறை அது, அவரே வைத்துவிட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். காசு போனதைவிட அந்தக் காலைப் பொழுது போனதுதான் எனக்குக் கோபம்.

அதனால் மயிலாப்பூர் பக்கமே வராதவர்கள், அடையாறோ அண்ணா நகரோ வேறு எந்தப் பேட்டையோ, அவரவர் தெருவில் கடை தேடும்போது சட்னியை முதலில் பாருங்கள். மேசையில் உட்காருவதற்கு முன்பே அடுத்தவர் தட்டை ஒரு பார்வை பார்த்தால் போதும். சட்னி தட்டில் ஓடுகிறதா, நிற்கிறதா? அப்புறம் பூக்கடைக்காரர், பேப்பர் போடும் பையன், ஆட்டோ ஸ்டாண்டில் இருப்பவர்கள் எங்கே சாப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள். தினமும் வெளியே சாப்பிடுகிறவர்கள் வயிற்றைக் கெடுக்கும் கடைக்குத் திரும்பிப் போக மாட்டார்கள். கை கழுவும் இடத்தையும் ஒருமுறை பாருங்கள், அது சுத்தமாக இருந்தால் சமையல்கட்டும் பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். நட்சத்திர மதிப்பெண்களை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஏசி இல்லை, கார் நிறுத்த இடமில்லை என்று ஒற்றை நட்சத்திரம் போடுகிறவர்கள் இட்லியைப் பற்றி ஒரு வரிகூட எழுதியிருக்க மாட்டார்கள்.

எந்த மாதம் போகலாம் என்றால், மார்கழி அருமையாக இருக்கும். விடியற்காலையில் மாட வீதிகளில் பஜனை முடிந்து அந்தக் குளிரில் சுடச்சுடப் பொங்கல் சாப்பிடலாம், ஆனால் கச்சேரி சீசனுக்கு வந்தவர்களும் சேர்ந்துகொள்வதால் வரிசை வழக்கத்தைவிட நீளும். பங்குனித் திருவிழாவில் தேர் ஓடும் நாளிலும், அறுபத்துமூன்று நாயன்மார்கள் வீதியுலா வரும் அறுபத்துமூவர் நாளிலும் மட்டும் மெஸ்ஸைத் தேடி வராதீர்கள், மாட வீதிப் பக்கம் நகரவே முடியாது. அறுபத்துமூவர் அன்று வழிநெடுகப் பந்தல் போட்டு மோரும் பானகமும் சாதமும் கொடுப்பார்கள், அதை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு சாமி பாருங்கள். டிபனுக்கு அடுத்த வாரம் வந்துகொள்ளலாம்.