குளிர்ந்த சோள சூப்பும் கடலுணவும்: ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பிறகு எது தேறுகிறது?

முதல் முறை இந்த சூப்பைச் செய்தபோது அடுப்படியிலேயே ஒரு கரண்டி குடித்துப் பார்த்து என்னை நானே மெச்சிக்கொண்டேன். வெண்ணெயில் வெங்காயத்தை வதக்கி, சோளத்தை வேகவைத்து அரைத்து, கிரீம் ஊற்றி, இறாலையும் அதிலேயே போட்டுக் கொதிக்கவிட்டிருந்தேன். மறுநாள் மதியம் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தால் அது வேறு ஏதோ ஒரு சூப். மேலே வெண்ணெய் துகள் துகளாக உறைந்து கிடந்தது. போட்ட உப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. இறாலை மென்று முடிக்கத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியிருந்தது. அன்றிலிருந்து எதையும் சூடாக ருசித்து முடிவு செய்வதில்லை. கீழே வருகிற ஒப்பீடுகள் எல்லாம் சில்லென்று கிண்ணத்தில் வந்த பிறகு போட்ட மதிப்பெண்கள்.

முதலில் சோளம். புதிய கதிர்தான் உயர்ந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடியாது. கதிரைப் பறித்த உடனே அதிலுள்ள சர்க்கரை மாவுச்சத்தாக மாறத் தொடங்கிவிடுகிறது. வெப்பத்தில் கிடந்தால் இன்னும் வேகமாக. உறையவைத்த முத்துகளோ அறுவடையான சிறிது நேரத்திலேயே லேசாக வேகவைக்கப்பட்டுக் குளிருக்குப் போனவை. மூன்று நாள் கடையில் காய்ந்த கதிரையும் உறையவைத்த பொட்டலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இனிப்பில் பொட்டலமே ஜெயிக்கும். ஆனால் பொட்டலத்தில் இல்லாத ஒன்று கதிரில் இருக்கிறது: முத்து உதிர்த்த பிறகு மிஞ்சும் தண்டு. அதைப் பற்றிப் பிறகு. டப்பா சோளம் பதப்படுத்தும் சூட்டிலேயே தன் பச்சை மணத்தை இழந்துவிடுகிறது, அதை விட்டுவிடலாம். இன்னொன்று: அதிக இனிப்புக்காக உருவாக்கப்பட்ட வகைகள் பறித்த பிறகும் பல நாள் இனிப்பாகவே இருக்கும். ஆனால் பழைய இனிப்புச் சோள வகைகளில் உள்ள இயற்கையான கொழகொழப்பு இவற்றில் குறைவு. சூப் தண்ணீராக வந்தால் பழி உங்கள் கையில் இல்லை.

தண்ணீருக்குப் பதில் எதை ஊற்றுவது என்பதில்தான் பலரும் வழுக்குகிறார்கள். கடலுணவு சூப் என்றதும் மீன் எலும்பை வேகவைத்த சாறு நினைவுக்கு வரும். சூடான சூப்புக்கு அது அமிர்தம். குளிர்ந்தால் அதிலுள்ள ஜெலட்டின் இறுகி, கிண்ணத்தில் சூப் தளதளவென்று ஆடும். இறால் ஓட்டை வேகவைத்த சாறு இறுகாது; ஆனால் சோளத்தின் மென்மையான மணத்தை விழுங்கிவிடும். இரண்டையும் தோற்கடிப்பது அந்தச் சோளத் தண்டுதான். ஆறு கதிர்களின் தண்டுகளை ஒன்றே கால் லிட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் மெல்லிய தீயில் வைத்தால் வெளிர் மஞ்சளாக, லேசான இனிப்போடு ஒரு சாறு கிடைக்கும். இறால் ஓட்டை வீசவும் வேண்டாம். சூரியகாந்தி எண்ணெயில் சிவக்க வதக்கி வடித்து, பரிமாறும்போது நான்கு சொட்டு மேலே விடுங்கள். கடல் மணம் தேவையான அளவுக்கு மட்டும் வரும். வெண்ணெய் குளிரில் உறைவது தெரிந்ததே. ஆலிவ் எண்ணெயும் ஃபிரிட்ஜில் கட்டித்துவிடும்.

கெட்டிப்படுத்தக் கிரீமா, சோளத்தின் சொந்த மாவுச்சத்தா? எனக்கு இதில் சந்தேகமே இல்லை. குளிர்ந்த கிரீம் நாக்கில் ஒரு போர்வை போலப் படிந்து சோளத்தை மறைக்கிறது. மாவுச்சத்தை நம்புகிறவர்களுக்கு இரண்டு வழி. வேகவைத்து அரைப்பது சுலபம். அடிப்பிடிக்காது, அரைத்து வடித்தால் வேலை முடிந்தது. பச்சையாக அரைத்து, வடிகட்டி, அந்தப் பாலை அடுப்பில் வைத்துக் கிளறுவது இரண்டாவது வழி. ஏறத்தாழ 70 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது அது தானாகவே கெட்டியாகும். கரண்டியை நிறுத்தினால் அடியில் பிடித்துக்கொள்ளும், ஆனால் பட்டுப் போன்ற வழவழப்பும் புதுக்கதிரின் மணமும் இதில்தான். பொறுமை இருக்கிற நாளில் நான் இதையே செய்கிறேன். எந்த வழியானாலும் விரும்பிய பதத்தைவிடக் கொஞ்சம் நீர்க்க இறக்குங்கள். குளிரில் மேலும் கெட்டியாகும். சூடாக அரைப்பவர்கள் மிக்ஸி ஜாரைப் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. நிரப்பினால் நீராவி மூடியைத் தள்ளிக்கொண்டு வரும்.

இனி கடலுணவு. சோளமும் கடலும் ஏன் ஒத்துப்போகின்றன என்பதற்கு ஒரு ருசியான காரணம் உண்டு. வெந்த சோளத்துக்கு அதன் மணத்தைத் தருவதில் முக்கியமானது டைமெத்தில் சல்பைடு என்னும் சேர்மம். வெந்த சிப்பி வகைகளின் மணத்திலும் இதே சேர்மம் இருக்கிறது. தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குளிர்ந்த நிலையில் முதலிடம் நண்டுக்கு. அதன் இழைகள் ஆறினாலும் மென்மையாகவே இருக்கும், இனிப்பும் சோளத்தோடு சேரும். ஓட்டிலிருந்து சதை எடுக்கிற வேலைதான் பெரிய தண்டனை. இறால் இரண்டாமிடம், அதுவும் வேகவைக்கிற விதத்தைப் பொறுத்து. உப்புத் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்து, இறாலைப் போட்டு மூடினால் நடுத்தர அளவு இறாலுக்கு இரண்டு மூன்று நிமிடம் போதும். உள்ளே கண்ணாடி போன்ற நிறம் மறைந்து, உடல் லேசாக வளைந்ததும் எடுத்துவிடுங்கள். வட்டமாகச் சுருண்டால் கைவிட்டுப் போய்விட்டது. வாணலியில் வறுத்த இறாலுக்கும் ஆதரவாளர்கள் உண்டு. சில்லென்ற சூப்பின் மேல் சுடச்சுட வைத்து அந்த நொடியே பரிமாறினால் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. விருந்தாளி தாமதமாக வந்தால் நியாயம் போய்விடும். கணவாய் ஒரு நிமிடத்துக்குமேல் தாங்காது, ஆறினால் இன்னும் விறைக்கும். எனக்கு இந்தக் கிண்ணத்தில் அது வேண்டாம். எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்த பச்சை இறாலையும் சிலர் போடுகிறார்கள். புளிப்பு சதையை வெள்ளையாக்கும், கிருமிகளை ஒழித்துவிடாது. அதனால் அந்த வழிக்குப் பூஜ்யம்.

ஆறவைப்பதில் அவசரம் வேண்டும். சூடான பானையை அப்படியே ஃபிரிட்ஜில் தள்ளினால் நடுவில் வெப்பம் மணிக்கணக்கில் நிற்கும். இரண்டு மணி நேரத்துக்குள் 21 டிகிரிக்கும், அடுத்த நான்கு மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்கும் இறங்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பில் பின்பற்றப்படும் அளவு. ஐஸ் தண்ணீர்த் தட்டில் பானையை இறக்கிக் கிளறினால் முதல் கட்டம் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். சூப்பிலேயே ஐஸ்கட்டி போடுவது இன்னும் வேகம். ஆனால் அந்தத் தண்ணீரை முன்பே கணக்கில் குறைத்திருக்க வேண்டும்.

உப்பைக் கடைசியில், குளிர்ந்த பிறகே சரிபாருங்கள். குளிர் இனிப்பையும் மங்கவைக்கும். சூடாக இருந்தபோது திகட்டியது இப்போது அளவாக இருக்கும். எலுமிச்சை கிண்ணத்தில் ஊற்றிய பிறகு, சில சொட்டு. சூப்பும் கடலுணவும் அதுவரை தனித்தனிப் பாத்திரங்களில் இருக்கட்டும். மிஞ்சிய சூப் மறுநாளும் நன்றாக இருக்கும். இறாலை மட்டும் அன்றன்றைக்குப் புதிதாக வேகவைத்துக்கொள்ளுங்கள்.